பழங்காசு பக்கம்: கையால் அடித்த செப்புக் காசுகள் குறித்து வாசகர் கேள்விகள்

சுத்தியலால் அடித்து அச்சிடப்பட்ட பழைய செப்புக் காசுகளைப் பற்றி வந்த கடிதங்களுக்கு இம்மாதப் பக்கம் முழுவதையும் ஒதுக்கியிருக்கிறோம். அநேகமாக எல்லாக் கடிதங்களின் முடிவிலும் "இதற்கு என்ன விலை கிடைக்கும்?" என்ற வரி இருந்தது. இப்பகுதியில் நாம் விலை சொல்வதில்லை. காசு எது, எக்காலத்தைச் சேர்ந்தது, அதை மேலும் கெடாமல் எப்படி வைத்துக்கொள்வது ஆகியவை மட்டுமே இங்கே பேசப்படும்.

கேள்வி: எங்கள் பாட்டி மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்த செப்புக் காசு ஒன்றில் ஒரு பக்கம் நிற்கும் உருவமும், மறுபக்கம் அமர்ந்த உருவமும் இருக்கின்றன. உறவினர் ஒருவர் இது ராஜராஜன் காசு என்கிறார். எழுத்துகள் தேய்ந்துள்ளன. எப்படி உறுதி செய்வது? (கும்பகோணம் வாசகி)

பதில்: நிற்கும் உருவமும் அமர்ந்த உருவமும் கொண்ட செப்புக் காசு என்றாலே அது முதலாம் ராஜராஜனுடையது (ஆட்சி: 985–1014) என்று முடிவு கட்டிவிடும் வழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. பெரும்பாலும் அது சரியாகவும் அமைந்துவிடுகிறது. ஏனெனில் அவன் பெயரில் வெளிவந்த செப்புக் காசுகள் தமிழகத்திலும் இலங்கையிலும் மிகுதியாகக் கிடைக்கின்றன. ஆனால் அதே அமைப்பைப் பின்பற்றி இலங்கை மன்னர்கள் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் காசு வெளியிட்டிருக்கிறார்கள் என்பதால், உருவத்தை மட்டும் பார்த்துப் பெயர் சூட்ட முடியாது. எழுத்தைப் படித்தாக வேண்டும்.

முதலில் காசைச் சரியான திசையில் பிடிக்க வேண்டும். இக்காசுகளில் உருவங்கள் உடல் வடிவமாக அல்லாமல் கோடுகளும் புள்ளிகளுமாக வெட்டப்பட்டிருப்பதால், தலைகீழாகப் பிடித்துக்கொண்டு "ஏதோ செடி போல இருக்கிறது" என்று எழுதுபவர்கள் உண்டு. நிற்கும் உருவத்தின் ஒரு கை உயர்ந்து பூவை ஏந்தியிருக்கும். இடைக்குக் கீழே ஆடையின் மடிப்புகள் வளைந்த கோடுகளாக இருபுறமும் தொங்கும். அவற்றைக் கண்டுகொண்டால் மேல் எது, கீழ் எது என்பது விளங்கிவிடும். மறுபக்கத்தில் ஒரு முழங்காலை உயர்த்தி அமர்ந்திருக்கும் உருவத்தின் கையில் சங்கு இருக்கும். அக்கைக்கு அடியில், காசின் வலப்புறத்தில், மேலிருந்து கீழாக மூன்று வரிகளில் "ஸ்ரீ ராஜ ராஜ" என்று நாகரி எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். தமிழ் எழுத்தைத் தேடி ஏமாந்து, "எழுத்தே இல்லை" என்று கைவிடுவது இங்கே வழக்கமாக நடப்பது. இவ்வகைக் காசு சுமார் 2 சென்டிமீட்டர் குறுக்களவும் ஏறக்குறைய 4 கிராம் எடையும் கொண்டிருக்கும். இரண்டிலும் சற்றுக் கூடுதல் குறைவு இருந்தால் ஐயப்பட வேண்டியதில்லை. தங்கக் காசைப் போல ஒவ்வொரு செப்புக் காசையும் நிறுத்துச் சரிபார்த்து வெளியிடும் கவலை அக்காலத்து அக்கசாலைகளுக்கு, அதாவது காசு அடிக்கும் கூடங்களுக்கு, இருக்கவில்லை.

இனிச் சிக்கலான இடம். இலங்கையின் பொலன்னறுவையில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு (1153–1186), அவனுக்குப் பின்வந்த நிசங்கமல்லன், சாகசமல்லன் முதலியோரின் காசுகளிலும் இதே நிற்கும் உருவமும் அமர்ந்த உருவமும் நாகரி எழுத்தும் உள்ளன. 1197-இல் முதன்முறையாக அரியணை ஏறிய அரசி லீலாவதியின் காசில் "ஸ்ரீ ராஜ லீலாவதி" என்று இருக்கும். தகடு சிறியதாகவும் அச்சு பெரியதாகவும் இருந்ததால் கடைசி எழுத்துகள் காசுக்கு வெளியே போய்விட்ட பிரதிகளில் "ஸ்ரீ ராஜ" என்பது மட்டும் எஞ்சும். அதைப் பார்த்துவிட்டு ராஜராஜன் என்று படித்துவிடுவது மிக எளிது. எனவே முதல் எழுத்துகளை விடக் கீழ்வரியில் எஞ்சியிருக்கும் கீற்றுகளே தங்களுக்கு விடை தரும். மேசை விளக்கைப் பக்கவாட்டில் தாழ வைத்து, காசைச் சிறிது சிறிதாகச் சுழற்றிக்கொண்டே பாருங்கள். நேர் வெளிச்சத்தில் மறைந்து கிடக்கும் மேடு, சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் விழுந்து எழுத்தாகத் தெரியும். எழுத்தைத் தெளிவாக்குவதற்காகக் காசைத் தேய்த்துவிடாதீர்கள். தேய்ந்த காசின் எழுத்தில் பாதி, அதன் மேல் படிந்த களிம்பில்தான் இருக்கிறது.

கேள்வி: என்னிடம் இரண்டு அம்மன் காசுகள் உள்ளன. ஒன்று ஒழுங்கான வட்டம். மற்றொன்று கோணலாகவும் தடிப்பாகவும் இருக்கிறது. கோணலானது போலியா? கையால் அடித்த காசை எப்படி இனம் காண்பது? (புதுக்கோட்டை வாசகர்)

பதில்: தாங்கள் கேட்ட கேள்விக்குத் தங்கள் ஊர்க் காசை விடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைக்காது. ஒரு பக்கம் பிரகதாம்பாள் அமர்ந்திருக்க, மறுபக்கம் "விஜய" என்ற சொல்லைத் தெலுங்கு எழுத்தில் கொண்ட அம்மன் காசு, முன்பு சுத்தியலால் அடிக்கப்பட்டும், 1889 முதல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் இயந்திரத்தால் அச்சிடப்பட்டும் வெளிவந்தது. ஆகவே கோணலானது மூத்தது, ஒழுங்கானது இளையது. போலி என்று ஒதுக்க வேண்டியதில்லை.

கையால் அடிக்கும் முறையில் ஓர் அச்சு அடியில் கட்டையிலோ பட்டடையிலோ பதிக்கப்பட்டு அசையாமல் நிற்கும். அதன்மேல் செப்புத் தகட்டுத் துண்டை வைத்து, மற்றோர் அச்சைக் கையால் பிடித்து, அதன் தலையில் சம்மட்டியால் ஓங்கி அடிப்பார்கள். இந்த ஒரு செயலிலிருந்தே எல்லா அடையாளங்களும் பிறக்கின்றன. தகடு நடுவில் உட்காராமல் நகர்ந்திருந்தால் உருவம் ஓரத்துக்கு ஒதுங்கி மறுபுறம் வெற்றிடம் பிறை போல நிற்கும். அடித்த அடி சாய்ந்திருந்தால் ஒரு பாதி ஆழமாகவும் மறு பாதி மங்கலாகவும் விழும். முதல் அடி போதாமல் இரண்டாம் அடி கொடுக்கும்போது அச்சு சற்றே திரும்பியிருந்தால் கோடுகள் இரட்டையாகத் தெரியும். உலோகம் பக்கவாட்டில் பிதுங்கி ஓரத்தில் வெடிப்பு விடும். மேல் அச்சு கையில் சுழலக்கூடியது என்பதால், ஒரு பக்கத்து உருவத்தை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு காசைத் திருப்பினால் மறுபக்கத்து உருவம் எந்தக் கோணத்திலும் நிற்கலாம். இயந்திரக் காசுகளில் அக்கோணம் எப்போதும் ஒன்றாகவே இருக்கும்.

சென்னை மாகாணத்துக்கெனக் கிழக்கிந்தியக் கம்பெனி வெளியிட்ட 1803-ஆம் ஆண்டு இருபது காசு, பத்துக் காசு நாணயங்களைப் பாருங்கள். பர்மிங்காமில் மாத்யூ போல்டனின் சோஹோ அக்கசாலையில் நீராவி இயந்திரத்தால் அடிக்கப்பட்ட அவை, ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினால் பிசிறு தெரியாமல் நிற்கும். அதே காலத்தில் நம் ஊர்ச் சந்தைகளில் புழங்கிய கைக்காசுகளை அப்படி அடுக்கிப் பார்த்தால் மூன்றாவது காசிலேயே சரிந்துவிடும்.

போலியைப் பற்றிய தங்கள் அச்சம் வேறு திசையில் நியாயமானதுதான். இன்று சந்தைக்கு வரும் போலிகளில் பல, அசல் காசை வைத்து வார்ப்பெடுத்து உலோகத்தை உருக்கி ஊற்றியவை. அவற்றின் பரப்பில் உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் ஊசிமுனை அளவு குழிகள் தெரியும். எழுத்தின் விளிம்புகள் மெழுகு உருகியதுபோல் மழுங்கியிருக்கும். காசின் ஓரத்தைச் சுற்றி வார்ப்பின் இரு பாதிகள் சேர்ந்த மெல்லிய வரியோ அதை அரத்தால் தேய்த்த தடமோ இருக்கும். இவற்றை விட உறுதியான சான்று ஒன்றுண்டு. கையால் அடித்த காசுகளில் எந்த இரண்டும் ஒன்றுபோல் இரா. ஒரே இடத்தில் வெடிப்பு, ஒரே அளவு நகர்வு, ஒரே கீறல் ஆகியவற்றோடு இரண்டு காசுகள் ஒரு கடையில் இருந்தால், அவை இரண்டையும் வாங்காமல் வெளியே வந்துவிடலாம். காந்தத்தில் ஒட்டும் காசு செப்பே அன்று என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாயக்கர் காலத்துக் காசுகள் என்று சொல்லப்பட்ட சிலவற்றைப் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கினேன். இப்போது பளபளவென்று இருக்கின்றன. ஆனால் பார்த்தவர்கள் வருத்தப்படுகிறார்கள். ஏன்? (திருச்சி வாசகி)

பதில்: பூசைப் பாத்திரம் துலக்கும் முறை பழங்காசுக்குப் பொருந்தாது. செம்பின் மேல் முதலில் சிவந்த ஆக்சைடும், அதன்மேல் கறுப்பு அல்லது பச்சை நிறப் படலமும் நூற்றாண்டுக் கணக்கில் வளர்கின்றன. இப்படலம் வெளியிலிருந்து வந்து ஒட்டிய அழுக்கு அன்று. காசின் சொந்த உலோகமே மாறி நிற்பது. ஆகவே புளியின் அமிலம் படலத்தைக் கரைக்கும்போது அதில் பதிந்திருந்த எழுத்தின் மேற்பரப்பும் கூடவே போய்விடுகிறது. சாம்பலின் துகள்கள் எஞ்சியதையும் அரித்துக் கீறல்களை உண்டாக்குகின்றன. எலுமிச்சை, வினிகர், துலக்கும் பொடிகள், குளிர்பானம் எல்லாம் இதையே சற்று வேகமாகவோ மெதுவாகவோ செய்பவை.

போனதை மீட்க இயலாது. அமிலம் உள்ளே தங்கி வேலை செய்யாமல் தடுப்பதே இப்போது செய்யக்கூடியது. மருந்துக் கடையிலோ மின்கலக் கடையிலோ கிடைக்கும் காய்ச்சி வடித்த நீரில் காசுகளை ஊறவைத்து, நாள்தோறும் நீரை மாற்றி ஒரு வாரம் விட்டு, பின் பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து நிழலில் நன்றாக உலர்த்துங்கள். குழாய் நீரும் ஆழ்துளைக் கிணற்று நீரும் வேண்டாம். அவற்றிலுள்ள குளோரைடு உப்புகள் செம்புக்கு நஞ்சு. பழைய தோற்றத்தை வரவழைப்பதாகச் சொல்லி விற்கப்படும் கறுப்பேற்றும் திரவங்களைத் தொடாதீர்கள். காற்றில் தாமாகவே கறுக்கும்வரை விட்டுவிடுவதே நேர்மையான வழி. தேங்காய் எண்ணெய் தடவுவதையும் பலர் பரிந்துரைக்கிறார்கள். அது சிக்குப் பிடித்து, அதிலுள்ள கொழுப்பு அமிலங்கள் செம்போடு சேர்ந்து பச்சைப் பிசினாக மாறும் என்பதால் அதையும் தவிர்க்க வேண்டும்.

கேள்வி: பல ஆண்டுகளாக நன்றாக இருந்த செப்புக் காசுகளில் சிலவற்றில் திடீரென்று வெளிர்பச்சைப் பொடி பூத்திருக்கிறது. துடைத்தால் போகிறது, சில வாரங்களில் மீண்டும் வருகிறது. பக்கத்திலுள்ள காசுகளுக்கும் பரவுமா? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: இந்த மாதக் கடிதங்களில் உடனடியாகக் கவனிக்க வேண்டியது தங்களுடையதே. செம்பில் களிம்பு என்று சைவ சித்தாந்திகள் ஆணவ மலத்துக்கு உவமை சொன்னார்கள். செம்பு உள்ள அன்றே களிம்பும் உண்டு என்பது அவ்வுவமையின் கருத்து. ஆனால் காசு சேர்ப்பவர் களிம்பில் இரு வகையைப் பிரித்தறிய வேண்டும். ஒன்று கெட்டியானது, கண்ணாடி போல வழுவழுப்பாகவும் கரும்பச்சையாகவும் பரப்போடு ஒட்டி நிற்கும். அது காசைக் காக்கும் போர்வை, அதைத் தொட வேண்டியதில்லை. மற்றொன்று தாங்கள் எழுதியிருப்பது. வெளிர்ந்த பச்சை நிறத்தில், பொடியாக, புள்ளி புள்ளியாக வெடித்துக் கிளம்பும். மூங்கில் குச்சியால் சுரண்டினால் உதிரும். உதிர்ந்த இடத்தில் சிறு குழி இருக்கும். இதை வெண்கல நோய் என்று அருங்காட்சியகத்தார் அழைக்கிறார்கள். செம்பும் அதன் கலப்புலோகங்களும் எல்லாமே இதற்கு ஆட்படும்.

மண்ணில் கிடந்தபோதோ, உப்புக் காற்றிலோ, வியர்வைக் கையிலிருந்தோ குளோரைடு உட்புகுந்து, களிம்புக்கு அடியில் உலோகத்தை ஒட்டிச் செப்புக் குளோரைடாக அமர்ந்திருக்கும். காற்று வறண்டிருக்கும்வரை அது உறங்கும். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தாண்டியதும், ஈரத்தையும் ஆக்சிஜனையும் எடுத்துக்கொண்டு அது பச்சைப் பொடியாக மாறுகிறது. அம்மாற்றத்தில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டாகி, அவ்வமிலம் புதிய செம்பைத் தாக்கி மீண்டும் குளோரைடை உண்டாக்க, சுழற்சி ஓயாமல் நடக்கிறது. பொடியைத் துடைப்பது நோயைத் தீர்ப்பதாகாது என்பதற்கு இதுவே காரணம். தூத்துக்குடியின் கடற்காற்றில் ஆண்டின் பெரும்பகுதி ஈரப்பதம் இந்த எல்லைக்கு வெகு மேலேயே இருக்கும். உப்பளங்களும் அருகில் இருக்கும் ஊரில் திறந்த அலமாரியில் செப்புக் காசு வைப்பது பொருத்தமானதன்று. நுண்ணுயிர்த் தொற்றைப் போல இது காசுக்குக் காசு தாவுவதில்லை. ஆனால் உதிரும் பொடியும் அமிலமும் ஈரமும் ஒரே பெட்டிக்குள் இருந்தால் அடுத்த காசில் உறங்கும் குளோரைடும் விழித்துக்கொள்ளும் என்பதால், நோயுற்றவற்றை உடனே தனியே பிரித்துவிடுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியது இதுதான். உருப்பெருக்கியின் கீழ் மூங்கில் குச்சியால் பொடியை மட்டும் மெல்லச் சுரண்டி எடுத்து, காய்ச்சி வடித்த நீரில் வாரக்கணக்கில் ஊறவைத்து, நீரை அடிக்கடி மாற்றிக்கொண்டே வாருங்கள். பின்பு அசிட்டோனில் ஒருமுறை முக்கி எடுத்தால் வெடிப்புகளில் தங்கிய நீரும் வெளியேறும். அசிட்டோன் எளிதில் தீப்பற்றும். சமையலறையிலோ விளக்கேற்றிய பூசையறையிலோ அதைத் திறக்கக் கூடாது. இதன்பின் காசைக் காற்றுப் புகாத பெட்டியில் சிலிகா ஜெல் மணிகளோடு வைத்து, பெட்டிக்குள் ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்குக் கீழ் இருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். நிறம் மாறும் வகை மணிகளை வாங்கினால், நிறம் மாறிய உடன் அடுப்புச் சூட்டில் உலர்த்தித் திரும்பப் பயன்படுத்தலாம். உள்ளே வைக்கும் சிறிய ஈரமானி ஒன்றும் இன்று மலிவாகவே கிடைக்கிறது. சோடியம் செஸ்குயிகார்பனேட் கரைசலில் ஊறவைப்பது, பென்சோடிரையசோல் என்னும் வேதிப்பொருளால் செம்பைப் பூட்டுவது ஆகிய முறைகள் அருங்காட்சியகங்களில் கையாளப்படுபவை. முன்னது காசின் நிறத்தை மாற்றக்கூடும். பின்னது உடல்நலத்துக்குத் தீங்கானது. ஆகவே இவ்விரண்டையும் வீட்டில் செய்ய வேண்டாம் என்பதே எம் கருத்து. அரிய காசு என்றால் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்புப் பிரிவை அணுகுங்கள். செப்புத் திருமேனிகளுக்கு வந்த இதே நோயோடு நெடுங்காலமாகப் போராடி வரும் கூடம் அது.

இன்னொன்றையும் சரிபாருங்கள். காசுகளை எதில் வைத்திருந்தீர்கள்? மெல்லிய, வளையும், மணம் வீசும் பிளாஸ்டிக் உறைகள் பெரும்பாலும் பி.வி.சி. ஆகும், வெப்பத்தில் அது அமில ஆவியையும் பிசுபிசுப்பான மென்மையூட்டிகளையும் கக்கிக் காசின் மேல் பச்சைப் பசை படியச் செய்யும். பாலியெஸ்டர் அல்லது பாலிபுரொப்பிலீன் உறைகளே தகுந்தவை. ரப்பர் வளையமிட்டுக் கட்டுவதும், பசை மணம் போகாத புது ஒட்டுப்பலகைப் பெட்டியில் வைப்பதும் செம்பைக் கெடுக்கும்.

கேள்வி: அமராவதி ஆற்று மணலில் கிடைத்தவை என்று சொல்லி விற்ற மிகச் சிறிய செப்புக் காசுகள் சில என்னிடம் இருக்கின்றன. ரோமானியக் காசு என்று விற்றவர் சொன்னார். நம்பலாமா? (கரூர் வாசகர்)

பதில்: சேரர்களின் தலைநகராகிய வஞ்சி கரூர்தான் என்ற கருத்துக்கு ஆதரவு சேர்த்த சான்றுகளில் அமராவதிப் படுகையிலிருந்து கிடைத்த காசுகளும் அடங்கும். எனவே செய்தி நம்பத்தகாததன்று. ரோமானியச் செப்புக் காசுகள் கரூரிலும் மதுரையிலும் இலங்கையிலும் கிடைத்துள்ளன, பெரும்பாலானவை கி.பி. 4, 5-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. 10 முதல் 17 மில்லிமீட்டர் குறுக்களவுக்குள் அடங்குபவை. ஒரு பக்கம் மணிமுடிப் பட்டை கட்டிய தலை பக்கவாட்டில் நோக்கியிருக்கும். மறுபக்கம் சிலுவையோ, படைவீரர்களோ, நின்றிருக்கும் மூவரோ இருக்கலாம். தலையைச் சுற்றி இலத்தீன் எழுத்துகள் வட்டமாக ஓடும். எழுத்திருக்க வேண்டிய இடத்தில் பொருளற்ற கோடுகள் மட்டும் இருந்தால் ஏமாற்றம் வேண்டாம். பற்றாக்குறையை ஈடுசெய்ய உள்ளூரிலேயே அடிக்கப்பட்ட பழைய போலச்செய்கைகளும் இருந்தன; அவற்றுக்கும் வரலாற்று மதிப்பு உண்டு.

காசு சதுரமாக இருந்தால் வேறு வழியில் தேடுங்கள். யானையும் மறுபக்கம் வில்லும் அம்பும் இருந்தால் சங்க காலச் சேரர். வாலுயர்த்திய புலி சோழர். கோடுகளாகச் சுருக்கி வரைந்த மீன் பாண்டியர். "பெருவழுதி" என்ற பெயரைத் தமிழ்-பிராமியில் கொண்ட பாண்டியர் செப்புக் காசு இவ்வகையில் புகழ்பெற்றது. ஆற்றுக் காசுகளில் மணல் பற்றை இறுகியிருக்கும். ஊசியால் குத்தி எடுக்காமல் நீரில் ஊறவைத்து, மென்மையான தூரிகையால் மெல்ல நீக்குங்கள்.

கேள்வி: அமர்ந்த காளையும் அதன்கீழ் "சேது" என்ற தமிழ் எழுத்தும் உள்ள காசு இராமநாதபுரத்துச் சேதுபதிகளுடையதா, யாழ்ப்பாண அரசர்களுடையதா? (யாழ்ப்பாண வாசகர்)

பதில்: பெயரை வைத்துச் சேதுபதிகளுக்கு உரியதாகக் கருதியவர்கள் முன்பு இருந்தனர். ஆனால் மறுபக்கத்தில் இருக்கும் நிற்கும் உருவம், முதல் பதிலில் விவரித்த சோழ, பொலன்னறுவைக் காசுகளின் நேர்வழித்தோன்றலாகவே தெரிகிறது. சேதுபதிகளின் ஆட்சி 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலைபெற்றது. அக்காலத்தில் இந்தப் பாணி வழக்கொழிந்துபோயிருந்தது. சேதுவைத் தம் அரசச் சொல்லாகக் கொண்டிருந்தவர்கள் யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகள். இலங்கைக் காசுகளைப் பற்றி 1924-இல் விரிவாக எழுதிய காட்ரிங்டனும் இவற்றை யாழ்ப்பாண அரசர்க்கே உரியவையாகக் கொண்டார். 1619-இல் போர்த்துக்கீசரிடம் அரசு வீழ்ந்ததோடு இவ்வரிசை முடிகிறது. எமக்கும் அம்முடிபே ஏற்புடையது. "சேது" என்று எழுதிய எல்லாக் காசுகளும் யாழ்ப்பாணத்தவை என்று இதற்குப் பொருளில்லை. சேதுபதிகளும் பின்னாளில் அப்பெயரோடு காசு வெளியிட்டுள்ளனர். உருவமும் காளையும் அமைந்த பாங்கே வேறுபாட்டைச் சொல்லும்.

கேள்வி: எங்கள் ஊரில் தோட்டத்தில் குழி வெட்டும்போது கலயம் நிறையப் பழங்காசு கிடைத்தது. பங்கு போட்டுக்கொள்ளலாமா? (பெயர் குறிப்பிட விரும்பாத வாசகர்)

பதில்: கூடாது. 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் அவர் தம் பங்கை இழப்பதோடு ஓராண்டுவரை சிறைத் தண்டனைக்கும் ஆளாகலாம். தெரிவித்தவருக்குச் சட்டம் பாதகமானதன்று. உரிமையாளர் எவரும் இல்லை என முடிவானால், கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கும் நிலத்துக்கு உரியவருக்கு ஒரு பங்கும் என்று அது வகுத்திருக்கிறது. அரசு எடுத்துக்கொள்ள விரும்பினால் உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துத் தர வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் அல்லது வட்டாட்சியர் வழியாகவும் செய்தியைக் கொண்டுசெல்லலாம்.

சட்டத்துக்கு அப்பாலும் ஒரு காரணம் இருக்கிறது. தனிக்காசு தன் பெயரை மட்டுமே சொல்லும்; கலயம் முழுதாகக் கிடைத்தால் அக்காசுகளில் எது கடைசியாக வெளிவந்தது என்பதை வைத்து அது புதைக்கப்பட்ட காலத்தையும், எந்தெந்த அரசுகளின் காசுகள் ஒன்றாகப் புழங்கின என்பதையும் கணக்கிட முடியும். ஆகவே கலயத்தையும், அதிலிருந்த துணியையும், ஒட்டிய மண்ணையும் அப்படியே விட்டு, காசுகளைக் கழுவாமல், எந்த ஆழத்தில் கிடைத்தது என்று குறித்துவையுங்கள். நூறாண்டுக்கு மேற்பட்ட காசு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள் ஆகும் என்பதால், தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது என்பதையும் அறிந்திருங்கள்.

கேள்வி: அரிசியைத் தன்பக்கம் இழுக்கும் பழைய செப்புக் காசுக்குக் கோடிக்கணக்கில் பணம் தருவதாக ஒருவர் சொல்கிறார். உண்மையா? (சேலம் வாசகர்)

பதில்: இல்லை. செம்பு அரிசியை இழுக்காது. இரும்புத் துகள் தோய்த்த அரிசியும் உள்ளே ஒளித்த காந்தமும் இருந்தால் இழுக்கும். சோதனைக் கட்டணம் என்று முன்பணம் கேட்கத் தொடங்குமுன் காவல் நிலையத்துக்குச் செல்லுங்கள். இராமர் பட்டாபிஷேகமும் மறுபக்கம் கம்பெனிப் பெயரும் 1818 என்ற ஆண்டும் பொறித்த "அரை அணா" குறித்து எழுதிய மற்ற மூவருக்கும் இதே பதில்: கம்பெனி அப்படியொரு நாணயத்தை வெளியிடவே இல்லை.

கேள்வி: காசை நேரில் கொண்டுவர இயலாதவர்கள் தங்களுக்கு எப்படி விவரம் அனுப்ப வேண்டும்? (சென்னை வாசகி)

பதில்: இரு பக்கங்களையும் தனித்தனியே, வெள்ளைத் தாளின்மேல் வைத்து, அருகில் அளவுகோல் தெரியுமாறு படமெடுங்கள். கைபேசியின் ஒளிவீச்சு விளக்கை அணைத்துவிட்டு, சாளரத்திலிருந்து பக்கவாட்டில் விழும் காலை வெளிச்சத்தைப் பயன்படுத்தினால் போதும். காசை விளிம்பில் மட்டும் பிடியுங்கள்; விரல் பட்ட இடத்தில் வியர்வை உப்பு தங்கும். நகைக்கடைத் தராசில் கிராமுக்குப் பின் இரண்டு தசம எண்கள் வரை எடை, மிகப் பெரிய குறுக்களவு, ஓரத்தின் தடிப்பு, இரு பக்க உருவங்களும் ஒன்றுக்கொன்று நிற்கும் கோணம் ஆகியவற்றைக் குறியுங்கள். எங்கிருந்து எப்படித் தங்களிடம் வந்தது என்பதை ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். குடும்பத்தில் வழிவழியாக வந்ததா, ஊர்ச் சந்தையில் வாங்கியதா என்பது அடையாளம் காண்பதில் பலமுறை உதவியிருக்கிறது. துலக்கிய பிறகு எடுத்த படமென்றால் அதையும் மறைக்காமல் எழுதவும். காசை அஞ்சலில் அனுப்ப வேண்டாம்.